தேர் ஏறும் வழி, தண்ணீர் இறங்கும் வழி

கோலாலம்பூரிலிருந்து வரும் நண்பர்களுக்காக ஒரு நாள் பயணத் திட்டம் போட உட்கார்ந்தேன். அவர்கள் கேட்டது மூன்று. மலைமேல் ஒரு ஏரி, ஒரு அருவி, பாலித் தீவில் பார்த்த மாதிரி படிப்படியாக இறங்கும் நெல்வயல். "பினாங்குல இதெல்லாம் இருக்கா மச்சான், இல்ல நாசி கண்டார் மட்டும்தானா?" என்று ஒருவன் கேட்டிருந்தான்.

ஏரி இருக்கிறது. அருவி இருக்கிறது. வயலும் இருக்கிறது. படிக்கட்டு மட்டும் இல்லை. காலையில் தண்ணீர்மலை அருவி, அங்கிருந்து ஆயர் ஈத்தாம் அணை, துன் சர்டோன் சாலை வழியாக மலையைக் கடந்து பாலேக் பூலாவ் வயல்வெளி, திரும்பும் வழியில் தித்தி கெராவாங் அருவி, தெலுக் பாஹாங் அணை, கடற்கரைச் சாலை வழியாக நகரம். தீவை ஒரு சுற்று. பெட்ரோலும் பெரிதாகச் செலவாகாது. வரைபடத்தில் கோடு போட்டு முடித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நான் போட்ட கோடு சுற்றுலா வழி மாதிரியே இல்லை, குழாய் வரைபடம் மாதிரி இருந்தது. படித்தது பொறியியல் என்பதால் எதைப் பார்த்தாலும் குழாயாகத் தெரிகிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இந்தத் தீவில் கண்ணுக்கு அழகாக இருக்கும் நீரெல்லாம் யாரோ ஒருவர் எங்கோ கொண்டுபோவதற்காகத் தடுத்து, திருப்பி, கணக்குப் பார்த்து வைத்த நீர்தான். கணக்கு எழுதியவர்கள் ஒரு பக்கம், சுமந்தவர்கள் இன்னொரு பக்கம். சுமந்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர்.

முதலில் அருவி.

பாய்மரக் கப்பல் காலத்தில் ஒரு துறைமுகத்துக்குத் தேவையானவை இரண்டு. காற்றுக்கு மறைவான நங்கூரத் தளம், பக்கத்திலேயே நல்ல தண்ணீர். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவை எடுத்துக்கொண்டபோது இரண்டுமே இங்கே இருந்தன. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலுள்ள நீரிணை முதல் தேவையைத் தீர்த்தது. இரண்டாவதை மலை தீர்த்தது. 800 மீட்டருக்கு மேல் எழும் கருங்கல் மலை, மேலே அடர்ந்த காடு, வருடம் முழுக்க மழை. கடற்கரையிலிருந்து சில மைல் தூரத்திலேயே ஓர் அருவி. கல்கத்தாவுக்கும் கேன்டனுக்கும் நடுவே ஓடிய கப்பல்கள் இங்கே நின்று பீப்பாய்களை நிரப்பிக்கொண்டன.

அருவித் தண்ணீர் தானாக நகரத்துக்கு வந்துவிடாது. 1804-05 வாக்கில் செங்கல்லால் ஒரு வாய்க்கால் கட்டி மலை நீரை ஜார்ஜ்டவுனுக்கு இறக்கினார்கள். பம்ப் இல்லாத காலம். புவியீர்ப்பு ஒன்றுதான் இயந்திரம். சரிவு அதிகமானால் செங்கல் அரிக்கும், குறைந்தால் மண் படியும். இதை நூல் பிடித்துக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தீவாந்தர தண்டனை பெற்று வந்த கைதிகள். பினாங்கின் ஆரம்பச் சாலைகள், வாய்க்கால்கள், அரசுக் கட்டடங்கள் பலவற்றில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அந்தமானில் கம்பெனி முதன்முதலாகப் போட்ட குடியேற்றம் நோயால் கைவிடப்பட்டபோது, 1796ல் அங்கிருந்த கைதிகளையும் இங்கேதான் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இதே ஆண்டுகளில் பினாங்குக்கு வந்த இன்னொரு கூட்டத்தைத் தமிழ் வாசகர்கள் வேறு இடத்தில் படித்திருப்பார்கள். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802 பிப்ரவரியில், தென்னாட்டுப் பாளையக்காரர் போரில் பிடிபட்ட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். அவர்கள் அனுப்பப்பட்ட 'வேல்ஸ் இளவரசர் தீவு' வேறெதுவும் அல்ல, பினாங்குதான். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, பதினைந்து வயதுப் பையன். அந்தப் போரில் எதிர்த்தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, 1818ல் பினாங்கில் துரைசாமியைச் சந்தித்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாத அளவுக்குத் தளர்ந்து, முதுமை தட்டிப் போயிருந்தாராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது துரைசாமிக்கு வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். இப்போது எனக்கு ஆகும் வயசு. 1802ல் சிவகங்கைப் பையன் வருகிறான், 1804ல் வாய்க்கால் வேலை தொடங்குகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட ஆசை வரும். அது நாவலாசிரியர்கள் செய்யலாம். அரசியல் கைதிகளின் கதை தனி, செங்கல் சுமந்தவர்களின் கதை தனி. இரண்டும் ஒரே சின்ன ஊரில் நடந்தன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாய்க்கால் எல்லா வீட்டுக்கும் போகவில்லை. மீதி ஊருக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் போனது. இன்றைய பர்மா சாலைக்கு ஹாக்கியன் சீனர்கள் வைத்த பெயருக்குத் 'தண்ணீர் வண்டிச் சாலை' என்று பொருள். பினாங்கில் ஒவ்வொரு தெருவுக்கும் நான்கு பெயர் இருக்கும், ஒவ்வொரு இனமும் அந்தத் தெருவில் தனக்கு எது முக்கியமோ அதைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கும். அருவிக்குப் போகும் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'ஜாலான் கெபூன் பூங்கா', பூந்தோட்டச் சாலை. ஹாக்கியனில் அந்த இடம் 'வெள்ளைக்காரன் பூந்தோட்டம்'. வெள்ளைக்காரனுக்கு அது 'அருவிச் சாலை', பார்த்து ரசிக்கப் போகிற இடம். தமிழில் மட்டும் தண்ணீர்மலை. பூவும் இல்லை, அருவியும் இல்லை, தண்ணீர். இது அழகுக்காக வைத்த பெயராக எனக்குத் தோன்றவில்லை. அங்கே வேலைக்குப் போனவன் வைத்த பெயர் மாதிரி இருக்கிறது.

கோயில் வழியாக வரும் கதையும் இதையே சொல்கிறது. அருவியிலிருந்து தண்ணீரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் வேலையில் இருந்த இந்தியத் தொழிலாளிகள் அருவிக்குப் பக்கத்திலேயே ஒரு முருகன் சந்நிதியை வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு நீர்த்தேக்க வேலை வந்தபோது சந்நிதியைக் கீழே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அப்படி மாறி வந்ததுதான் இன்றைய பாலதண்டாயுதபாணி கோயிலின் மூலம். 2012ல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலுக்கு 513 படி ஏற வேண்டும். (படிக்கட்டு வயல் கேட்ட நண்பர்களுக்கு இதைத்தான் காட்டப் போகிறேன்.) தண்ணீருக்காக வந்தவர்கள் வைத்த சாமியைத் தண்ணீருக்காகவே நகர்த்தினார்கள்.

அதே சாலையில் நகரத்தார் கட்டிய கோயில் 1850களிலிருந்து இருக்கிறது. தண்ணீர்மலையான் கோயில். வட்டித் தொழிலுக்காகக் கடல் கடந்த செட்டியார்கள் ஊர் திரும்பும்போது பணத்தோடு இந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். காரைக்குடிப் பக்கம் 'தண்ணீர்மலை' என்று ஆண்களுக்குப் பெயர் உண்டு. வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் அருவியின் பெயரைச் செட்டிநாட்டில் ஒரு தாத்தா சுமந்துகொண்டிருக்கிறார். அவர் பேரனிடம் அந்த மலை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பழனிப் பக்கம் என்று சொன்னாலும் சொல்வான்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு அது. அங்கிருந்து நகரம் முழுக்க நின்று நின்று, நடுத்தெருவில் தேங்காய் மலை மலையாக உடைபட, இரவில்தான் தண்ணீர்மலை போய்ச் சேரும். வழி நெடுக என்ன கட்டி வைத்திருக்கிறோம்? தண்ணீர்ப் பந்தல். மலேசியாவில் வேறெந்த ஊரிலும் இவ்வளவு பந்தலை நான் பார்த்ததில்லை. வங்கி, தொழிற்சாலை, லோரி சங்கம், டாக்சி சங்கம், தெருப் பையன்கள், ஆளுக்கொரு பந்தல், ஆளுக்கொரு ஒலிபெருக்கி. சின்ன வயசிலிருந்து அந்தத் தேர் பின்னால் நடக்கிறேன், ஆனால் இந்தத் திட்டம் போடும்போதுதான் திசை உறைத்தது. செங்கல் வாய்க்கால் மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கியது. தேர் துறைமுகத்திலிருந்து மலைக்கு ஏறுகிறது. தண்ணீர் இறங்கிய திசைக்கு நேர் எதிராக, வழி முழுக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே. யாரும் யோசித்து வைத்த ஏற்பாடாக இருக்காது. இருந்தாலும் அடுத்த வருஷம் பந்தலில் மோர் வாங்கிக் குடிக்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும்.

ஒரு நாள் சுற்றுலா என்பதே பினாங்கில் துறைமுகம் பெற்ற பிள்ளைதான். நீராவிக் கப்பல் காலத்தில் நிலக்கரியும் சரக்கும் ஏற்றும்வரை பயணிகளுக்குச் சில மணி நேரம் கிடைக்கும். குதிரை வண்டி பிடித்து அருவிக்குப் போய்விட்டு, சாப்பிட்டுவிட்டு, கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்கும் முன்னாலேயே ராபர்ட் ஸ்மித் என்ற படைப்பொறியாளர் வரைந்த பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் செதுக்கி, 1821ல் லண்டனில் வெளியிட்டார். அருவியும் அதில் உண்டு. இப்போது சுவெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கும் உல்லாசக் கப்பல்காரர்கள் செய்வதும் அதேதான். குதிரைக்குப் பதில் வேன்.

ஆனால் இன்றைக்கு அருவிக்குக் கிட்டப் போக முடியாது. தாவரவியல் பூங்காவின் மேல்கோடியில் வேலி, கதவு, பூட்டு. உள்ளே இருப்பது குடிநீர் நிலையம், முன்அனுமதி வேண்டும். நண்பர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் குரங்குகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். எனக்கு அந்தப் பூட்டின்மேல் கோபம் இல்லை. இருநூறு வருடத்துக்கு மேலாக ஊருக்குக் குடிக்கக் கொடுக்கும் இடம் பூட்டோடு இருந்தால் என்ன?

பூங்காவுக்கும் ஒரு கதை. ஒரு பழைய கருங்கல் குவாரியின் பள்ளத்தில் 1884ல் சார்லஸ் கர்ட்டிஸ் அதை உருவாக்கினார். 1910ல் பூங்காவை மூடிவிட்டு அந்தப் பள்ளத்தாக்கையே நீர்த்தேக்கமாக்கிவிடலாம் என்று முடிவாகி, இடத்தை நகராட்சியிடம் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் மனம் மாறி, திட்டம் கைவிடப்பட்டது. மாறியிருக்காவிட்டால் நண்பர்கள் கேட்ட மலை ஏரி நகரத்துக்கு இன்னும் பக்கத்தில் கிடைத்திருக்கும், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடும் பாதை முப்பதடித் தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கும்.

நிஜமான மலை ஏரி ஆயர் ஈத்தாமில் இருக்கிறது. கெக் லோக் சி பௌத்தக் கோயிலைத் தாண்டி, மூச்சு வாங்க வைக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், கடல் மட்டத்துக்கு 230 மீட்டர் வாக்கில், காட்டுக்கு நடுவே பச்சைத் தண்ணீர். பார்ப்பவர்கள் இயற்கை ஏரி என்றுதான் நினைப்பார்கள். 1962ல் கட்டி முடித்த அணை அது. இந்தத் தீவில் இயற்கையான மலை ஏரி ஒன்றுகூட இல்லை. 'ஆயர் ஈத்தாம்' என்றால் கறுப்புத் தண்ணீர். அணைக்கு முன்பே ஊருக்கு அந்தப் பெயர்.

சும்மா ஒரு கணக்கு. ஆயர் ஈத்தாம் அணையின் கொள்ளளவு ஏறக்குறைய 216 கோடி லிட்டர். பினாங்கு மாநிலம், அதாவது தீவும் எதிர்க்கரை செபராங் பிறையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் செலவழிப்பது 80 கோடி லிட்டருக்கும் மேல். மலைமேல் அவ்வளவு பெரிதாகத் தெரியும் ஏரி மாநிலத்துக்கு மூன்று நாள்கூடத் தாங்காது. 1999ல் வந்த தெலுக் பாஹாங் அணை, ஏறக்குறைய 1,824 கோடி லிட்டர், மூன்று வாரம் தாங்கும். இவை இரண்டும் இன்றைக்கு ஊருக்குச் சோறு போடும் அடுப்பு அல்ல, அவசரத்துக்கு வைத்திருக்கும் அஞ்சறைப் பெட்டிக் காசு. அடுப்பு வேறு இடத்தில் எரிகிறது. அதற்கு வருகிறேன்.

அணைக்கரையில் நின்றால் காடு தண்ணீர்வரை இறங்கி நிற்பது தெரியும். இந்தக் காடு பிழைத்ததே பெரிய விஷயம். கம்பெனிக்காரர்களுக்கு இந்த மலை முதலில் நறுமணப் பயிர் நிலம். மொலுக்கஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து ஆயர் ஈத்தாம் பக்கம் நட்டார்கள். சரிவுகளில் காடு வெட்டுப்பட்டது. 1848ல் பினாங்கு வழக்கறிஞர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், தான் நடத்திய ஆய்விதழில், மலைக்காட்டை இப்படியே அழித்துக்கொண்டு போனால் தீவின் தட்பவெப்பம் என்ன ஆகும் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1848! 'இந்தோனேசியா' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ஜார்ஜ்டவுனில் உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய நினைவுச் சின்னத்தைப் பினாங்குக்காரர்கள் பார்க்காமலே கடந்துபோகிறோம். மலைக்காட்டைப் பற்றி எழுதியதற்காகத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். ஜாதிக்காய்த் தோட்டங்கள் 1860 வாக்கில் நோய் விழுந்து அழிந்தன. 1883ல் நத்தேனியல் கேன்ட்லி தொடுவாய்க் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை கொடுத்தபின் காட்டுக் காப்பு அரசு வேலையானது. 2021ல் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நடுவில் 2017 நவம்பரில் ஒரே இரவில் மழை கொட்டி, மலை பல இடங்களில் சரிந்து, ஊர் மூழ்கியதும் நடந்தது. எங்கள் தாமானில் இடுப்பளவு தண்ணீர். லோகன் இருந்திருந்தால் நாம் வெட்டிய மலைச்சரிவுகளைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதியிருப்பார்.

இப்போது வயல்.

படிக்கட்டு வயல் ஏன் இங்கே இல்லை என்று நண்பன் கேட்டதை நானும் யோசித்தேன். பிலிப்பைன்ஸில் இஃபுகாவ் மக்களும் பாலிக்காரர்களும் மலையில் படி வெட்டியது புகைப்படத்துக்காக இல்லை. பிறக்கும் இடத்திலேயே தண்ணீரைப் பிடித்து, ஒரு படியில் நிறுத்தி, நிரம்பியதும் அடுத்த படிக்கு விட்டு, கடைசிச் சொட்டுவரை நெல்லுக்குக் கொடுக்கும் வேலை அது. பாலியில் இதைப் பங்கு பிரிக்க 'சுபாக்' என்ற விவசாயிகள் சங்கமே இருக்கிறது. நம் ஊர் ஏரிப்பாசனத்தில் மடை திறக்கும் நீர்க்கட்டி மாதிரி. பினாங்கில் அந்தத் தேவையே எழவில்லை. எதிர்க்கரையில் கெடாவின் சமவெளி விரிந்து கிடந்தது, அரிசி படகில் வந்தது. இங்கே மலைத் தண்ணீர் நெல்லுக்குப் பிறந்ததே அல்ல, கப்பலுக்குப் பிறந்தது. சரிவுகளில் வெட்டப்பட்ட படிகளில் பின்னாளில் சீன விவசாயிகள் காய்கறியும் பூவும் போட்டார்கள். நெல் கீழேயே இருந்துவிட்டது.

அந்தக் கீழே என்பதுதான் பாலேக் பூலாவ். தீவின் பின்பக்கம் என்று அர்த்தம். சுங்கை பூரோங் பக்கம் போனால், பருவத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே பச்சைப் பாய். கொக்குகள், வாய்க்கால் ஓரம் தென்னை, மிதிவண்டியில் வரும் சுற்றுலாப் பயணிகள். அழகுதான், ஆனால் இதை வைத்துத் தீவு சாப்பிட்டதில்லை. வருடத்துக்கு வருடம் வீடுகள் உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. மாநிலத்தின் நெல் பெரும்பாலும் செபராங் பிறையில்தான் விளைகிறது.

செபராங் பிறை பினாங்கோடு சேர்ந்ததற்கு ஒரு காரணமே சோறு. லைட் வந்த காலத்திலிருந்து தீவின் அரிசி கெடா சுல்தானின் கையில் இருந்தது. அவர் படகை நிறுத்தினால் துறைமுகம் பட்டினி. 1800ல் கம்பெனி எதிர்க்கரையில் ஒரு நிலத்துண்டைக் கெடாவிடமிருந்து வாங்கிக்கொண்டது. தீவுக்கு வருடம் 6,000 ஸ்பானிய டாலராக இருந்த பணம், இரண்டுக்கும் சேர்த்து 10,000 ஆனது. துறைமுகத்துக்கு இரண்டு கரையும் வேண்டும், வயிற்றுக்கு வயல் வேண்டும். 1821ல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தபோது, ஆதரவு கிடைக்கும் என்று கெடா நம்பியிருந்த கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. தப்பி ஓடிவந்த கெடா மக்கள்தான் செபராங் பிறையில் காடு திருத்தி நெல் போட்டார்கள்.

நம்மவர்கள் சாப்பிட்டது என்ன? வீட்டில் என் பாட்டி பழைய காலம் பேசினால் 'ரங்கூன் அரிசி' என்ற சொல் வராமல் இருக்காது. தோட்டத்தில் அதைத்தான் போட்டார்களாம். இதில் தண்ணீர்மலையானுக்கும் ஒரு பங்கு உண்டு. பர்மாவின் ஐராவதி ஆற்றுப் படுகை பெரிய நெல் வயலாக மாறியதில் செட்டியார்களின் கடன் பணத்துக்குப் பெரிய இடம் இருக்கிறது. அந்த நெல் ரங்கூனில் அரிசியாகி, கப்பலேறி, பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, தோட்டத்துக்குப் போனது. ஒரே கோயிலில், கடன் கொடுத்தவர் வெள்ளி ரதம் இழுக்கிறார், அந்த அரிசியைச் சாப்பிட்ட தோட்டத் தொழிலாளி காவடி எடுக்கிறார். இருவருக்கும் நடுவில் பர்மிய விவசாயி ஒருவர் நிலத்தை இழந்துகொண்டிருந்தார், முப்பதுகளின் மந்தத்தில் படுகை நிலம் ஏராளமாகச் செட்டியார்கள் கைக்கு மாறியது. ஜப்பான்காரன் வந்து அந்தக் கப்பல் நின்றதும் என்ன ஆனது என்று எந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டாலும் ஒரே பதில்தான், மரவள்ளிக்கிழங்கு.

இறக்குமதி அரிசியை நம்பி இருப்பது ஆபத்து என்று ஆங்கிலேயர்களுக்கு முன்பே தெரியும். செபராங் பிறைக்குத் தெற்கே, பேராக் மாநிலத்தின் கெரியானில் மலாயாவின் முதல் பெரிய பாசனத் திட்டம் 1906ல் முடிந்தது. புக்கிட் மேராவில் இன்று ரயிலில் போகும்போது இரண்டு பக்கமும் தெரியும் ஏரி அதற்காகத் தேக்கியதுதான். நான் படித்த பொறியியல் வளாகம் நிபோங் திபாலில், அங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் கெரியான் வயல். நான்கு வருடம் நீரியல் பாடத்தில் வெளிநாட்டு ஆறுகளின் கணக்கைப் போட்டோம். பக்கத்து மதகைப் பார்க்க ஒரு நாள்கூட யாரும் எங்களை அழைத்துப் போகவில்லை. நாங்களாகவும் போகவில்லை, மதகுக்குப் பக்கத்தில் மீன் பொரித்து விற்கும் கடைக்குப் போனோம்.

கெடாவில் கதை இன்னும் பழசு. 1885ல் வான் முகமது சமான் என்ற முதலமைச்சர் அலோர் ஸ்டாரிலிருந்து குனோங் ஜெராய் அடிவாரத்தை நோக்கி முப்பது கிலோமீட்டருக்கு மேல் நேர்கோட்டில் ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தார். இரவில் தீப்பந்தங்களை வரிசையாக நட்டு நேர்கோடு பிடித்தார்கள் என்று சொல்வார்கள். அளவைக் கருவி படித்தவனாகச் சொல்கிறேன், அது நடக்கக்கூடிய காரியம்தான். 1970ல் மூடா திட்டம் வந்தது. பெடு, மூடா என்று இரண்டு அணைகள், நடுவில் மலையைக் குடைந்து ஒரு சுரங்க வழி, ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் வயலில் வருடம் இரண்டு போகம்.

அந்த மூடா ஆறுதான் நான் சொன்ன அடுப்பு. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இன்று அதிலிருந்து வருகிறது. எழுபதுகளில் கடலுக்கு அடியில் குழாய் போட்டுத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, தண்ணீர்மலை அடிவாரத்தில் தைப்பூசப் பந்தலில் கொடுக்கும் தண்ணீரும்கூடக் கெடாத் தண்ணீராக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 2024 ஜனவரியில் எதிர்க்கரை சுத்திகரிப்பு நிலையத்தில் பழைய அடைப்பான்களை மாற்றுவதற்காக நான்கு நாள் தண்ணீரை நிறுத்தியபோது, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வறண்டன. வாளியோடு வரிசையில் நின்ற அன்றைக்குத்தான் எங்கள் மாடிக்குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. "நம்ம மலைத் தண்ணீன்னு நெனச்சேன் தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் சொன்னது ஐம்பது வருடத்துக்கு முன் ஓரளவு சரி.

கெடா மாநில அரசு இந்த நீருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கேட்டு வருகிறது. காட்டை வெட்டாமல் காப்பது நாங்கள், குடிப்பது நீங்கள் என்பது அவர்கள் வாதம். ஆறு எல்லையாக ஓடுகிறது, எங்கள் கரையிலிருந்து எங்கள் பங்கை எடுக்கிறோம் என்பது பினாங்கின் வாதம். நான் பினாங்குக்காரன், ஆனாலும் மேல்பக்கக் காட்டுக்கு யாராவது செலவழிக்கத்தான் வேண்டும் என்பதில் கெடாவின் பக்கம் சாய்கிறேன். அதை மாநிலத்துக்கு மாநிலம் பில் போட்டுத் தீர்க்க முடியும் என்று மட்டும் தோன்றவில்லை. வறட்சி வந்தால் ஆற்றில் இருக்கும் தண்ணீர் முதலில் நாற்றுக்கா, குழாய்க்கா என்பதுதான் கேள்வி. பாலியில் சுபாக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் கேள்வியும் அதுதான், அங்கே மேல்படிக்காரனும் கீழ்படிக்காரனும் முகம் பார்த்துப் பேசுவார்கள்.

அதனால் திட்டத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். தெலுக் பாஹாங்கில் மாலையை முடிக்காமல், பாலேக் பூலாவிலிருந்து தித்தி கெராவாங்கில் பத்து நிமிடம் நின்று (மழை இல்லாத நாளில் பாறைதான் அதிகம் தெரியும், பக்கத்தில் ஓடும் குடிநீர்க் குழாயையும் காட்டலாம், ரோட்டோரக் கடையில் ஜாதிக்காய்ச் சாறு கிடைக்கும்), நகரத்தைச் சுற்றிக்கொண்டு பாலம் ஏறி, செபராங் பிறையின் வடகோடிக்கு, லாஹார் தியாங்குக்கு ஓட்டிப்போகப் போகிறேன். அருவி இல்லை, மலை இல்லை, படிக்கட்டும் இல்லை. பழுப்பு நிறத்தில் அகலமான ஆறு. இந்தப் பக்கம் நம் மாநிலம் நீர் இறைக்கும் இடம், அந்தப் பக்கம் கெடா. காலை ஏழரைக்குப் புறப்பட்டால் மாலை ஐந்தரைக்குள் போய்ச் சேரலாம், பாலத்தில் நெரிசல் இருந்தால் ஆறரை. நண்பர்களில் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "அங்க போய் என்னடா பார்க்கப் போறோம்?" என்றான். தண்ணீர்மலை என்றேன்.